ஊத்துக்காரிக்கு வைத்த பேர்

அக்கா,

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியின் மூடியைத் திறந்தேன். ஸ்பிரிட் பழுப்பேறிக் கிடந்தது, மாற்றியாக வேண்டும். மூடியைத் திருகியதுமே நெடி எழுந்து கண்ணைக் கரித்தது. "இந்த நாத்தத்துலயா டீச்சர் நாள் பூராவும் உக்காந்திருக்கீங்க?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீங்கள் கேட்டீர்களே, அதே நெடி. பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

குப்பிக்குள் இருப்பது ஊத்துக்காரி. ஆண் நண்டுதான். ஆனால் ஆணையும் நீங்கள் ஊத்துக்காரி என்றுதான் சொல்வீர்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. மல்லாந்து கிடக்கிறது. ஒரு கொடுக்கு பெரிது, ஒரு கொடுக்கு சிறிது. உயிரோடு இருந்தபோது நாவல்பழத் தோலின் நிறம். இப்போது செங்கல் நிறம். ஸ்பிரிட் முதலில் நிறத்தைத்தான் தின்னும். அடுத்த வாரம் இதை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு புது இனத்துக்குப் பேர் வைத்தால், எந்த உடலைப் பார்த்து வைத்தோமோ அந்த உடலை அங்கே கொடுத்துவிடுவது முறை. இனி யார் இந்த நண்டைப் பற்றி எழுதினாலும் இந்தக் குப்பியைத்தான் சுட்டுவார்கள். நாவல்பழ நிறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மீதி நீங்கள் போன பிறகு நடந்தது.

சோளக்காட்டுச் சந்தையில் நாம் முதன்முதலாகப் பேசிய நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. நான் கீழே முள்ளுக்குறிச்சியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கண் விழித்தால் மலைதான் தெரியும், ஆனாலும் நாற்பது வயது வரை நாலைந்து தடவைகூட மேலே ஏறியதில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே நன்னீர் நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கிய பிறகுதான் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினேன். அன்று தூறல். வாழைத்தாரும் பலாவும் மிளகுமாக நீண்டிருந்த வரிசையின் கடைசியில் நீங்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தீர்கள். முன்னால் தேக்கிலைப் பொட்டலங்களில் உயிர் நண்டுகள். "நெஞ்சுச் சளிக்கு ரசம் வெச்சுக் குடிங்க அம்முணி" என்று ஒன்றை நீட்டினீர்கள். நான் அங்கேயே பிரித்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, காலு எண்ணியா வாங்குவீங்க? எல்லாத்துக்கும் ஒரே கணக்குத்தானுங்க."

பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். அந்த நண்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் சின்னதாக, நாவல் நிறத்தில், வெளுத்த கால்களோடு இருந்தது. அதை நான் கையில் எடுத்ததும் உங்கள் சிரிப்பு நின்றது.

"அடடா, இது எப்படி இதுல வந்துச்சு? அதைக் குடுத்துருங்க. அது திங்கற நண்டு இல்லீங்க. ஊத்துக்காரி."

அது ஓடைக்கு வராது, ஊற்றுச் சேற்றில் மட்டும்தான் இருக்கும், வளை தோண்டித் தோண்டி ஊற்றுக்கண்ணை அடைபடாமல் வைத்திருக்கும், அதனால் உங்கள் ஊரில் யாரும் அதைத் தொடுவதில்லை என்று சொன்னீர்கள். அதுவரை நான் படித்த எந்தப் புத்தகத்திலும், குப்பியில் பார்த்த எந்த நண்டிலும் கண்களுக்கு நடுவே ஓட்டின் நெற்றி விளிம்பு அப்படி இல்லை. அந்த இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "சாயங்காலப் பஸ்ஸுக்குத் திரும்போணும்னா இப்பவே வாங்க" என்று சாக்கைச் சுருட்டினீர்கள்.

நீங்கள் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டங்களில் ஒன்றான எடப்புளி நாட்டில், உங்கள் மிளகுக் காட்டைத் தாண்டி இறங்கினால், ஒரு பெரிய பலாமரத்துக்குக் கீழே அந்த ஊற்று. ஓர் அறை அளவு இடம்தான். கோரைப்புல், கறுப்புச் சேறு, அதிலிருந்து சத்தமே இல்லாமல் கசிகிற தண்ணீர். உங்கள் ஊர்ப் பெண்கள் குடம் நிறைப்பதும் அங்கேதான். சேற்றில் ஆங்காங்கே கட்டைவிரல் நுழையும் அளவு வளைகள். நான் பையிலிருந்து மண்கரண்டியை எடுத்தேன். "தோண்டாதீங்க" என்று தடுத்துவிட்டு, சேற்றிலேயே குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டீர்கள். கன்னம் சேற்றில் பதிந்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு, "இருக்குது... இருக்குது..." என்றீர்கள். பிறகு "கடிச்சுட்டா!" என்று ஒரு கத்தல். கையை உருவியபோது சுட்டுவிரலில் ஊத்துக்காரி தொங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்கலையாக்கா?"

"அவ ஊட்டுக்குள்ள கையை உட்டா அவ கடிக்கத்தானே செய்வா."

அன்று பஸ்ஸில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு குமட்டியது. மடியில் இருந்த டப்பாவை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மூன்று மழைக்காலம் அப்படி ஓடியது. நான் வரும் சனிக்கிழமைகளில் குச்சிக்கிழங்கை வேக வைத்து மிளகுக் காரத்தோடு எடுத்து வருவீர்கள். நண்டின் ஓட்டை அளக்கும் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, என்னைவிட நிதானமாக அளந்தீர்கள். முதல் நண்டை நான் அப்படியே ஸ்பிரிட்டில் போட்டபோது அது கால் உதைத்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பஸ் நிறுத்தம் வரை வந்து, பஸ் கிளம்பும்போது ஜன்னலண்டை நின்று, "கொஞ்சம் மெதுவாச் சாவ விடலாமுங்கள்ல" என்றீர்கள். அதன் பிறகு சோளக்காட்டு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி பிளாஸ்கில் போட்டுக்கொண்டு வந்தேன். குளிரில் அவை முதலில் தூங்கிவிடும். ஆராய்ச்சிக்காரர்கள் பலர் செய்வதுதான் அது. எனக்கு அது உங்களிடமிருந்து வந்தது.

ஒருமுறை வயிற்று மடிப்பு முழுக்கக் குஞ்சுகளோடு ஒரு தாய் நண்டு அகப்பட்டது. ஒவ்வொரு குஞ்சும் கடுகளவு, ஆனால் முழு நண்டு. எனக்கு அது பொக்கிஷம். குப்பியைத் திறந்துவிட்டேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "வேண்டாஞ் சாமி. சுமந்துட்டு இருக்குது." போட்டோ எடுத்துக்கொண்டு வளையின் வாயிலேயே விட்டேன். அது உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருடத்தில் அந்த நண்டுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

விவரிப்பது என்றால் என்ன என்று நீங்கள் கேட்டபோது நான் பெருமையாகச் சொன்னேன். ஓட்டின் அகலம், கண்குழியின் விளிம்பு, கொடுக்கின் பல் வரிசை எல்லாம் எழுத வேண்டும். முக்கியமானது, ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குள் நெல்லுமி அளவில் இருக்கிற ஓர் உறுப்பு. அதன் நுனி எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்துத்தான் இது வேறு இனம் என்று நிரூபிக்க முடியும். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "படிச்சவங்க போயும் போயும் அதைப் பாத்துத்தான் குலங்கோத்திரம் சொல்லுவீங்களா!"

சிரித்தோம். ஆனால் அங்கேதான் சிக்கியது. நன்றாக முற்றிய ஆண் நண்டில்தான் அந்த நுனி முழுமையாக உருவாகியிருக்கும். நமக்கு அகப்பட்ட ஆண்கள் எல்லாம் இளசு. ஒன்றுகூட முற்றியது இல்லை. அவை ஆழத்தில் இருக்கும், தோண்டினால்தான் வரும் என்று நீங்கள் சொன்னீர்கள், தோண்டவும் விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பேர் எப்படி வைப்பது என்ற பேச்சு வந்தபோது உங்கள் பேரை வைக்கிறேன் என்றேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். யோசித்தீர்கள்.

"வேண்டாமுங்க. எம்பேரை வெச்சு, நாளைக்கு அது இல்லாமப் போயிருச்சுன்னா, எம்பேரைச் சொல்லித்தானே இல்லைன்னு எழுதுவாங்க? ஊத்து பேரையே வெய்ங்க."

மூன்றாவது வருடம் ஊற்றுக்கு மேலே இருந்த காட்டைக் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். சுற்றுலா வருகிறவர்கள் தங்க வீடுகள் கட்டப் போவதாகச் சொன்னார்கள். அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் வேண்டும். ஊற்றைத் தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, மோட்டார் வைத்து எடுத்துக்கொள்வதாகவும், பதிலுக்கு ஊருக்குக் குழாய் போட்டுத் தருவதாகவும் பேச்சு. ஊரில் யாரும் எதிர்க்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர்கூட எதிர்க்கவில்லை. அவர்களை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? மேட்டில் குடம் சுமந்து ஏறியது நானா? அவர்கள்தானே. நீங்களும் அவர்களைக் குறை சொல்லவில்லை. "தண்ணி எல்லாத்துக்கும் வேணுமுங்க டீச்சர். அதுக்கும் வேணுமில்ல" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். பலாமரத்தடியில் நின்றுகொண்டு, சேறு காய்ந்த கையைத் தட்டிவிட்டபடி.

"உங்க பேப்பர் வந்துருச்சுன்னா, இது இங்க மட்டுந்தான் இருக்குதுன்னு ஆபீசுல காட்டலாமுங்களா? காட்டுனா நிறுத்துவாங்களா?"

"காட்டலாம்க்கா. கண்டிப்பா கேப்பாங்க."

"அப்ப வெரசா எழுதுங்க."

இதைத்தான் நான் உங்களிடம் நேரில் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நேரம் என் கட்டுரை முக்கால்வாசி தயாராக இருந்தது. இருந்த இளம் ஆண் நண்டுகளை வைத்தே வெளியிட ஒரு சிறிய ஆய்விதழ் சம்மதித்திருந்தது. குறை இருக்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள், போதும் என்றார்கள். சில மாதங்களில் பேர் வந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. கல்லூரியில் பதவி உயர்வுக்கான நேர்காணல் வரவிருந்தது. பெரிய இதழில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அங்கே அனுப்பினேன். பல மாதம் காத்திருந்த பிறகு, முற்றிய ஆண் நண்டு இல்லாமல் ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறொரு பெரிய இதழுக்கு அனுப்பினேன். அங்கேயும் அதே பதில். உங்களிடம், "பரிசீலனையில இருக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

நீங்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, நான் கொடுத்திருந்த போட்டோவை எடுத்துக்கொண்டு, மனு கொடுக்கும் நாளில் தனியாகக் கீழே கலெக்டர் ஆபீசுக்கு இறங்கிப் போயிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லவே இல்லை. அடுத்த சனிக்கிழமை சந்தையில் வைத்து, அது யாருக்கோ நடந்த வேடிக்கை மாதிரி சொன்னீர்கள்.

"மூணு மணி நேரம் நின்னேன். போட்டோவை வாங்கிப் பாத்தாங்க. இதுக்குப் பேரு என்னன்னு கேட்டாங்க. ஊத்துக்காரின்னேன். அது இல்லம்மா, புத்தகத்துல என்ன பேருன்னாங்க. டீச்சர் இன்னும் வெக்கலீங்கன்னேன். சரி, பேர் வெச்சுட்டு வாங்கன்னு போட்டோவைக் கையில குடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அங்கே வரிசையில் பின்னால் நின்றிருந்தவர்களும் சிரித்தார்களாம். நான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மிளகைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்: பேர் என் மேசையிலேயே இருக்கிறது, நான்தான் பெரிய இடம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று. சொல்லவில்லை.

ஜே.சி.பி. வந்த அன்று நான் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். மதியம் போனை எடுத்துப் பார்த்தால் நீங்கள் பலமுறை அழைத்திருந்தீர்கள். திரும்பப் பேசினேன். மூச்சு வாங்கியது உங்களுக்கு. "தோண்டீட்டாங்க. நான் ஏழு புடிச்சு குண்டாவுல போட்டு வெச்சிருக்கேன். எங்க கொண்டு போய் உடறது? சொல்லுங்க."

ஓடையில் விட்டால் அவை பிழைக்காது, வெள்ளத்தில் அடித்துப் போய்விடும் என்றேன். சேறும் இலையும் போட்டு நிழலில் வையுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டீர்கள். தேர்வு முடிந்ததும், இரண்டு நாளில் என்றேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அன்று மாலையே பஸ் ஏறியிருக்கலாம். யாரும் என்னைத் தடுத்திருக்க மாட்டார்கள். நான் கேட்கவே இல்லை.

இரண்டு நாள் என்று சொன்னவள் நாலாவது நாள்தான் வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் அந்த அலுமினியக் குண்டா ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தது. சாக்கை எடுத்தீர்கள். ஏழும் செத்திருந்தன. முந்தின நாள் சாயங்காலம் வரை இரண்டு அசைந்துகொண்டிருந்தன என்று சொன்னீர்கள். மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்றியிருக்கிறீர்கள். உங்கள் விரல்கள் முழுக்கக் கடிபட்ட தழும்பு.

"உங்களுக்கு வேணும்னு எறியாம வெச்சிருந்தேன்" என்றீர்கள்.

நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அக்கா, அதில் ஒன்று முற்றிய ஆண். மூன்று வருடமாகத் தேடிய ஆண். ஆழத்தில் இருந்தது, மண்ணைக் கிழித்தபோது வெளியே வந்துவிட்டது. அதைக் கண்ட நொடியில் என் மனம் துள்ளியது. ஆம், துள்ளியது. என் முகத்தில் அது தெரிந்திருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆண்தான் இந்தக் குப்பியில் இருக்கிறது. அதை வைத்துக் கட்டுரையைத் திருத்தி, முதலில் திருப்பி அனுப்பிய அந்தப் பெரிய இதழுக்கே அனுப்பினேன். இந்த முறை யாரும் தடை சொல்லவில்லை. ஊற்றைத் தோண்டாமல் இருந்திருந்தால் அந்த இதழில் அந்தக் கட்டுரை வந்திருக்காது. இதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது.

மாசி மாதம், மிளகுப் பறிப்பு. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணி ஈரத்தில் வழுக்கி நீங்கள் விழுந்துவிட்டதாக உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். முதுகெலும்பில் அடி. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் தினமும் கல்லூரி முடிந்து வந்தேன். கால் அசையவில்லை. காய்ச்சல் விடவில்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக எனக்கு மின்னஞ்சல் வந்தது. அன்று கல்லூரி விடுமுறை, மதியம் உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், சாப்பிடப் போயிருந்தார். நான் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, பேர் வந்துவிட்டது என்று சொன்னேன். ஊற்றின் பேர்தான், நீங்கள் சொன்ன மாதிரியே என்றேன்.

மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தீர்கள்.

"வேற எங்கியாச்சும் இருக்குதுங்களா?"

நான் தேடியிருந்தேன். குண்டாவைப் பார்த்த நாளிலிருந்து அக்கம்பக்கத்து ஊற்று ஐந்தாறில் கையை விட்டுப் பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் உதடு வெடித்திருந்தது, கண் குழிந்திருந்தது, நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இருக்குதுக்கா" என்றேன். "போன வாரம் பாத்தேன். மேல ஓடைக்குத் தலைப்புல ஒரு கசிவு. அங்க இருக்குது."

"கை உட்டுப் பாத்தீங்களா?"

"உட்டேன்."

"கடிச்சுச்சா?"

"கடிச்சுட்டுதுக்கா."

உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்பச் சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். நாலு நாள் கழித்து நீங்கள் இல்லை.

கட்டுரை அச்சானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கி, படத்தை நெடுநேரம் பார்த்தார். உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கும் வரியை நான் விரலால் காட்டினேன். ஊற்றிருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் உறையும் இரும்பு மூடியும். பலாமரத்தின் ஒரு பக்கம் காய்ந்துவிட்டது. நீங்கள் மனுவோடு போன ஆபீசிலும் ஒரு பிரதி கொடுத்தேன். பேர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல நா எழவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "இது இப்ப எங்க இருக்குதுங்க மேடம், போய்ப் பாக்கலாமா?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய அன்று அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். "மேல ஓடைத் தலைப்புல இருக்குதுன்னு அவகிட்டச் சொன்னீங்களாமே. ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் பாக்கறேன்."

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இடம் சரியாக நினைவில்லை, தேட வேண்டும் என்றேன். அன்றிலிருந்து ஒன்றரை வருடம், மாதம் ஒரு சனிக்கிழமை அவரும் நானும் தேடுகிறோம். நான் இட்டுக்கட்டிய ஒரு கசிவை, இருக்கிற ஓடைகள் பிறக்கும் தலைப்பில் எல்லாம் போய்த் தேடுகிறோம். அவர் குப்புறப் படுத்துத் தோள் வரை கை விடுகிறார். வளை இருந்தால் சாதாரணத் தின்னும் நண்டு வரும், அல்லது தவளை, அல்லது வெறும் சேறு. எழுந்து, கையைக் கழுவி, "அடுத்தது பாக்கலாமுங்க" என்பார். அவருக்கு மூட்டுவலி. குழாய்க்கு அன்று சரி என்று சொன்னதை ஒருமுறைகூட அவர் பேச்சில் எடுத்ததில்லை. ஆனால் மழையில் வழுக்கும் பாறையில் அவர் ஏறுவதைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது.

போன மாதம் மேலே, இருக்கிற கடைசி ஓடையும் முடிந்தது. அதற்கப்புறம் சரிவுதான், தண்ணீர் இல்லை. அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். நான் எதிரே நின்றேன். இனியும் தாங்காது என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணா, நான் எங்கயும் பாக்கலீங்க. அக்காகிட்டப் பொய் சொன்னேன்."

அவர் புகையை ஊதினார்.

"தெரியுமுங்க டீச்சர்."

"எப்படிங்க?"

"அவளே சொன்னா. அன்னிக்கு நான் சாப்பிட்டுட்டு வந்தப்பவே சொல்லீட்டா. 'டீச்சர் பாவம், எனக்கோசரம் ஓடையில இருக்குதுன்னு சொல்லுது. கடிச்சுதுன்னுச்சு, கையில ஒரு தழும்பு இல்லை'ன்னா. உங்ககிட்டக் கேட்டுராதீங்கன்னும் சொன்னா. நாந்தான், ஒருவேளை நெசமாவே இருந்தாலும் இருக்குமோன்னு..."

பீடி அணைந்துவிட்டது. இறங்கும்போது ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டோம்.

இத்தனை நாள் நான் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று நொந்துகொண்டிருந்தேன், அக்கா. கடைசி நாலு நாளாவது நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள் என்பதுதான் அந்தப் பொய்க்கு நான் வைத்திருந்த ஒரே நியாயம். அதுவும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று தெரிந்தே படுத்திருந்தீர்கள். தெரிந்துகொண்டே என் மனம் நோகக் கூடாதென்று "கடிச்சுச்சா" என்று கேட்டீர்கள். உடம்பு முறிந்து கிடந்த நீங்கள் என்னைத் தேற்றி அனுப்பியிருக்கிறீர்கள். நானும் தேறி, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது. இனத்தின் தற்போதைய நிலை. மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். சேகரித்தவர் என்ற இடத்தில் உங்கள் பேரை எழுதினேன், என் பேரை எழுதவில்லை. அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டியவளும் நான்தான். பேனாவை எடுக்கும்போதெல்லாம், உங்கள் பேரை வைக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் உங்களைப் பற்றி அந்தச் சொல்லை என் கையாலேயே எழுதியிருப்பேன்.